மூட்டுக்கு ஏற்ற இழைப்புளி

தறியில் நெய்பவர் நெசவாளர். அத்தறியை ஆட்டமின்றி நிற்கச் செய்பவர் தச்சர். நெல்லை விளைவிப்பவர் உழவர். அந்நெல்லைப் பூச்சி புகாமல் காக்கும் பத்தாயத்தை இழைத்துக் கொடுப்பவரும் தச்சரே. ஆகவே, தச்சரது கைக்கருவிகளைப் பற்றி அறிந்துகொள்வது நெசவாளருக்கும் விவசாயிக்கும் புறம்பான செய்தியன்று. அதிலும், சங்கத்தின் பொதுப்பணத்தைக் கொண்டு கருவிகள் வாங்க வேண்டிய நிலை வரும்பொழுது, எது தேவை, எது வீண் என்று பகுத்தறியும் பொறுப்பு நிர்வாகக் குழுவினர் அனைவரையும் சார்ந்ததாகும்.

இப்பாடத்தை எழுத முற்பட்டதற்கு நமது பிழை ஒன்றே காரணம். அதை முதலில் கூறிவிடுதல் முறை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளை நாம் ஆய்வு செய்தோம். தறிகளைப் பழுது பார்க்கும் தச்சர், மூன்று இழைப்புளிகள் வேண்டுமென்று விண்ணப்பித்திருந்தார். "ஓர் இழைப்புளி போதுமானது, எஞ்சிய இரண்டும் இன்றியமையாதன அல்ல" என்று நாம் குறிப்பு எழுதினோம். குழுவினரும் அதன்படியே நடந்தனர். ஆறு திங்கள் கழித்து மீண்டும் சென்றபொழுது, துணியில் பட்டை விழுந்த காரணத்தால் ஒரு நெசவாளர் அம்மையாருக்குக் கூலி பிடித்தம் செய்யப்பட்டிருந்ததைப் பதிவேட்டில் கண்டோம். பழுதுக்குக் காரணம் யாதெனத் தச்சரை வினவினோம். அவர் எம்மைத் தறியண்டை அழைத்துச் சென்று, அச்சு உட்காரும் காடியைத் தடவிப் பார்க்கும்படி சொன்னார். காடியின் அடி மேடும் பள்ளமுமாக இருந்தது. "ஐயா, உளியால் கொத்தினால் இவ்வளவுதான் வரும். அதற்குத்தான் காடி இழைப்புளி கேட்டேன்" என்றார் அவர். நாம் மறுமொழி கூற இயலாது நின்றோம். நெசவில் யாதொரு குறையும் இல்லாத ஓர் அம்மையாரின் கூலியை நமது குறிப்பு குறைத்துவிட்டது.

அன்று முதல் அத்தச்சரிடமும் பிறரிடமும் கேட்டும், கருவிகளைக் கையாண்டும் கற்றவற்றை இங்கே தொகுத்துரைக்கிறோம்.

சாதாரண இழைப்புளி மூட்டுக்குள் செல்லாதது ஏன்?

இழைப்புளி மிகப் பழமையான கருவி. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரின் இடிபாடுகளிலேயே இழைப்புளிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இன்று கடைகளில் விற்கும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை, அமெரிக்கரான லெனார்டு பெய்லி வகுத்த அமைப்பைத் தழுவியவை. அவருடைய உரிமங்களை ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் பெற்றது. அதன்பின் அவ்வமைப்பு உலகெங்கும் பரவியது.

பலகையை மட்டமாக்கும் சாதாரண இழைப்புளியைக் கவிழ்த்துப் பாருங்கள். அதன் அலகு, அடிப்பரப்பின் முழு அகலத்துக்கும் வருவதில்லை. இருபுறமும் சிறிது இரும்பு அலகின்றி நிற்கும். திறந்த பலகையை இழைப்பதற்கு இதனால் தடையில்லை. ஆனால், ஒரு படியின் உள்மூலையிலோ, கழுந்தின் தோளிலோ அதை வைத்தால், ஓரத்து இரும்பு சுவரில் முட்டும். அலகு மூலையை எட்டாது. எட்டாத இடத்தில் மரம் மேடாக எஞ்சி நிற்கும். அம்மேடே மூட்டு நெருங்கிச் சேராமைக்குக் காரணமாகிறது.

ஆகவே, மூட்டுகளுக்கென்று அமைந்த இழைப்புளிகள் அனைத்துக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. அலகு மூலை வரையில் எட்ட வேண்டும். அல்லது அடிப்பரப்புக்குக் கீழே இறங்கிப் பள்ளத்தைத் தொட வேண்டும். இவ்விலக்கணம் மனத்தில் பதிந்தால் கருவியின் பெயர் எதுவாயினும் மயக்கம் வராது.

வாங்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது, வெட்ட வேண்டிய பள்ளம் மரத்தின் நார்ப்போக்கிலே செல்கிறதா, குறுக்கே செல்கிறதா? நார்ப்போக்கில் அலகு எளிதாகச் சீவும். குறுக்கே சென்றாலோ நார் கிழிந்து விளிம்பு பிய்யும். ஆதலின் குறுக்கு வேலைக்குரிய கருவியில், அலகுக்கு முன்னே நாரைக் கீறிச் செல்லும் சிறு கத்தி இருக்க வேண்டும். அன்றேல் இரம்பத்தால் இருபுறமும் முன்கூட்டியே அறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பள்ளம் மரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையில் திறந்து செல்கிறதா, இடையில் நின்று விடுகிறதா? இழைப்புளியின் மூக்கு அலகுக்கு முன்னே நீண்டிருக்கிறது. ஆதலால், இடையில் அடைபட்ட பள்ளத்தின் கடைசிப் பகுதியை அது தொடாது. அங்கே உளிதான் துணை.

மூன்றாவது, திருத்த வேண்டியது பள்ளத்தின் அடியா, சுவரா, கழுந்தின் தோளா? ஒவ்வொன்றுக்கும் உரிய கருவி வேறு.

இம்மூன்றுக்கும் விடை கூற இயலாத விண்ணப்பத்தைக் குழு ஏற்க வேண்டியதில்லை. விடை கூறும் விண்ணப்பத்தை, நாம் செய்ததுபோல், கண்மூடி மறுக்கவும் கூடாது.

முதற்செலவு: மரத்தை நேராக்கும் இழைப்புளி

மூட்டு இழைப்புளிகள் யாவும் மரத்தின் ஒரு முகத்தையோ விளிம்பையோ பற்றிக்கொண்டுதான் ஓடுகின்றன. அம்முகம் கோணலாக இருந்தால் காடியும் கோணலாகவே அமையும். எனவே முதலில் வாங்கத்தக்கது, ஜாக் இழைப்புளி என்று வழங்கும் நடுத்தர நீளக் கருவியே. ஏறத்தாழ 14 அங்குல நீளமும் 2 அங்குல அகல அலகும் கொண்டது இது. அலகு 45 பாகைச் சாய்வில் படுத்திருக்கும். ஒரு முகத்தையும் அதற்குச் செங்கோணமான ஒரு விளிம்பையும் இதனால் இழைத்து, மூலைமட்டம் வைத்துச் சோதித்து, அவ்விரண்டிலும் பென்சிலால் குறியிட வேண்டும். மரம் முறுக்கேறியிருக்கிறதா என்று அறிய, நேரான இரு சிறு குச்சிகளை மரத்தின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையில் நின்று கண்ணால் நோக்கினால் போதும். இரு குச்சிகளின் மேல்விளிம்பும் ஒன்றோடொன்று ஒத்திருந்தால் முறுக்கில்லை எனலாம்.

இதனோடு ஒரு நல்ல சாணைக்கல்லும் வாங்கியாக வேண்டும். கல்லுக்குப் பணம் ஒதுக்காமல் இழைப்புளி வாங்குவது, தீனிக்கு வழி செய்யாமல் மாடு வாங்குவதற்கு ஒப்பாகும். தேக்கு மரத்தில் மணற்சத்து கலந்திருப்பதால் அலகு விரைவில் மழுங்கும். வேலையின் நடுவே பன்முறை தீட்ட நேரிடும்.

அச்சுக்கும் பத்தாயத்துக்கும்: காடி இழைப்புளி

தறியில் அச்சைத் தாங்கி முன்னும் பின்னும் ஆடும் பலகையை எண்ணிப் பாருங்கள். அச்சின் கீழ்விளிம்பு பலகையிலுள்ள காடியிலும், மேல்விளிம்பு அதன்மேல் அமையும் கைமரத்தின் காடியிலும் உட்காருகின்றன. காடி அகன்றுவிட்டால் அச்சு அசையும். அச்சு அசைந்தால் ஊடை ஒவ்வோர் அடியிலும் ஒரே அளவில் நெருங்காது. துணியில் நெருக்கமும் தளர்வுமாகப் பட்டைகள் தோன்றும். காடியின் அடி மேடுபள்ளமானால் அச்சு ஒரே சாய்வில் நில்லாது. அதனை ஒட்டி ஓடும் நாடா எகிறவும் கூடும்.

இத்தகைய நீண்ட காடியை நார்ப்போக்கிலே வெட்டுவதற்கு உரியது காடி இழைப்புளி. இதன் அடி, ஒரு மெல்லிய இரும்புத் தகட்டின் விளிம்பேயாகும். அத்தகடு வெட்டப்படும் காடிக்குள்ளேயே இறங்கிச் செல்லும். பக்கத்தில் மரத்தின் விளிம்பை அணைந்து ஓடும் ஒரு வேலிக்கட்டை உண்டு. குறித்த ஆழம் வந்ததும் மேற்கொண்டு இறங்காமல் தடுக்கும் தடை ஒன்றும் உண்டு. இவ்விரண்டும் இருப்பதால்தான் காடி முழுநீளத்துக்கும் ஒரே தூரத்தில், ஒரே ஆழத்தில் அமைகின்றது. உளியால் இந்த ஒழுங்கைப் பெறுவது திறமை மிக்க கைக்கும் கடினம்.

காடியின் அகலம் அலகின் அகலமே. ஆதலால் வாங்கச் செல்லும்பொழுது அச்சின் விளிம்புக் கட்டையை அளந்துகொண்டு செல்லுங்கள். சரியான அகல அலகு கிட்டாவிடில் அதனினும் சிறியதை வாங்கி, வேலிக்கட்டையைச் சிறிது நகர்த்தி இருமுறை ஓட்டலாம். பெரியதை வாங்கினால் திருத்த வழியில்லை.

ஓட்டும் முறையும் கவனிக்கத் தக்கது. இழைப்பவர் தமக்கு எதிரேயுள்ள முனையில் சிறு சிறு ஓட்டங்களாகத் தொடங்கி, படிப்படியாகப் பின்னோக்கி வந்து, காடி ஒழுங்காக விழுந்த பின்னரே முழுநீளம் ஓட்ட வேண்டும். முதலிலேயே முழுநீளம் ஓட்டினால் அலகு நார்ப்போக்கைப் பின்பற்றி விலகிச் சென்றுவிடும். பலகை, கைமரம் ஆகிய இரண்டிலும் முன்முகத்தையே வேலிக்கட்டை அணைந்து செல்லட்டும். அப்பொழுதுதான் இரு காடிகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்.

விவசாயிகளுக்கும் இக்கருவி பயன்படும். பத்தாயத்தின் பலகைகளை வெறுமனே அடுக்கி ஆணி அறைந்தால், மரம் காய்ந்து சுருங்கும்பொழுது இடைவெளி விழும். ஒரு பலகையின் விளிம்பில் காடியும், அடுத்ததன் விளிம்பில் அக்காடிக்குள் புகும் நாக்கும் அமைத்தால், பலகை சுருங்கினாலும் வெளிச்சம் தெரியும் பிளவு உண்டாகாது, தானியமும் சிந்தாது.

விளிம்பில் படி எடுப்பதற்கு

கதவுநிலை, பெட்டிமூடி, நூல் அலமாரியின் முதுகுப் பலகை ஆகியவற்றுக்கு மரத்தின் ஓரத்தில் ஒரு படி எடுக்க வேண்டியிருக்கும். இதற்குரிய இழைப்புளியின் அலகு, அடிப்பரப்பின் விளிம்பு வரையில் எட்டும். வேலிக்கட்டையும் ஆழத்தடையும் உடைய வகையே சங்கத்துக்கு ஏற்றது. குறுக்குநாரில் வேலை செய்ய நேருமாதலால், நாரைக் கீறும் சிறு கத்தியும் அதில் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அலகு, இழைப்புளியின் பக்கத்தைவிட ஒரு மயிரிழையளவு வெளியே நிற்க வேண்டும். உள்ளே அடங்கியிருந்தால் ஒவ்வோர் ஓட்டத்திலும் படியின் சுவர் சிறிது சிறிதாக விலகி, செங்குத்தாக இராமல் சரிந்துவிடும்.

கழுந்தின் தோளைத் திருத்த

தறியின் கால்களும் குறுக்குச் சட்டங்களும் துளையாலும் கழுந்தாலும் இணைகின்றன. சட்டத்தின் முனையை மெலித்து நாக்குப்போல் ஆக்கியது கழுந்து. கழுந்து தொடங்கும் இடத்தில் இருபுறமும் படியாக நிற்பது தோள். துளையை உளியும், கழுந்தை இரம்பமும் செய்துவிடும். ஆனால் தோள் முழுவதும் காலின் முகத்தில் படிந்தால்தான் தறி உறுதியாக நிற்கும். ஒரு மூலை மட்டும் தொட்டு நின்றால், பலகை ஒவ்வொரு முறை அடிக்கும்பொழுதும் சட்டம் அசைந்து, ஆப்பு நாளடைவில் தளர்ந்துவிடும்.

தோளில் வெட்டுப்படுவது மரத்தின் முனைநார். அதைச் சீவுவதற்குத் தோள் இழைப்புளி என்ற குறுகிய கருவி உண்டு. இதன் அலகு தாழ்ந்த சாய்வில், தீட்டிய முகம் மேல்நோக்கி இருக்குமாறு படுத்திருக்கும். வாய் மிகக் குறுகியது. பக்கங்கள் அடிப்பரப்புக்குச் சரியான செங்கோணத்தில் இருக்கும். முக்கால் அங்குல அகலமுள்ளது பொதுவான வேலைகளுக்குப் போதும். ஒரே திசையில் கடைசி வரையில் தள்ளினால் மறுவிளிம்பு பிய்ந்துவிடும். ஆதலால் இரு விளிம்புகளிலிருந்தும் நடுவை நோக்கி இழைக்க வேண்டும். அல்லது மறுபுறம் ஒரு கழிவுக்கட்டையை இறுகப் பற்ற வைத்துக்கொள்ள வேண்டும்.

இரம்பத்தில் தேர்ந்த தச்சருக்கு இக்கருவி அடிக்கடி வேண்டியிராது. ஆகவே வாங்கும் வரிசையில் இது பின்னுக்குரியது.

அடியை மட்டமாக்கும் எளிய கருவி

அலமாரித் தட்டு செருகுவதற்குப் பக்கப்பலகையில் குறுக்கே எடுக்கும் காடியைக் காடி இழைப்புளி செவ்வனே வெட்டாது. இருபுறமும் இரம்பத்தால் அறுத்து, நடுவை உளியால் எடுத்து, பின்னர் அடியை மட்டமாக்குவதே முறை. அதற்குரியது ரூட்டர் இழைப்புளி. மரத்தின் மேல்முகத்தில் அமர்ந்து ஓடும் தட்டையான அடியும், அதற்குக் கீழே காடிக்குள் தொங்கும் சிறு அலகும் இதன் உறுப்புகள். அடி மேல்முகத்தைப் பற்றியே செல்வதால், அலகு செல்லும் இடமெல்லாம் ஆழம் ஒரே அளவாக இருக்கும். இடையில் அடைபட்ட காடிகளிலும் இது பயன்படும். கழுந்தின் கன்னங்களை முகத்துக்கு இணையாகத் திருத்தவும் உதவும்.

மகிழ்ச்சிக்குரிய செய்தி என்னவெனில், இக்கருவியை விலைகொடுத்து வாங்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. நன்கு உலர்ந்த கடின மரக்கட்டை ஒன்றின் அடியை மட்டமாக இழைத்து, நடுவே சாய்வாக ஒரு துளையிட்டு, குறுகிய பழைய உளி ஒன்றை அதில் செருகி ஆப்பால் இறுக்கினால் கருவி ஆயிற்று. திருகு அமைப்பு இல்லாமையால் ஆழத்தை மாற்றும்பொழுது சற்றுப் பொறுமை வேண்டும், வேறு குறையில்லை. மேற்சொன்ன தச்சர் ஒரு பிற்பகலில் இவ்வாறு செய்து காட்டியதை நாம் நேரில் கண்டோம்.

இழைப்புளி வேண்டாத மூட்டு

மூட்டு எதுவாயினும் இழைப்புளி வேண்டும் என்று எண்ணிவிடலாகாது. பெட்டிகளின் மூலையில் அமையும் புறாவால் மூட்டை இரம்பமும் உளியுமே வெட்டுகின்றன. மூட்டு சேர்ந்த பின்னர் வெளிமுகத்தைச் சமப்படுத்துவதற்கு மட்டும் இழைப்புளி வருகிறது. அதற்கு முன்சொன்ன சாதாரண இழைப்புளியே போதும்.

எல்லாம் செய்யும் ஒரே கருவி

காடி, படி, நாக்கு, அலங்கார விளிம்பு ஆகிய அனைத்தையும் செய்யவல்ல கூட்டு இழைப்புளிகளும் உண்டு. ஸ்டான்லி நிறுவனம் 1897-இல் வெளியிட்ட 55-ஆம் எண் இழைப்புளி ஐம்பதுக்கு மேற்பட்ட அலகுகளோடு விற்கப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றது. பழைய கருவிகள் இன்றும் கைமாறி விற்பனைக்கு வருகின்றன. அவை சிறந்த வேலைப்பாடு உடையவையே. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் அலகை மாற்றி, வேலியை அமைத்து, தடையைத் திருத்துவதற்கு நேரமும் பயிற்சியும் தேவை. ஓர் உறுப்பு தொலைந்தால் மாற்று கிடைப்பது அரிது. தறி பழுது பார்க்கும் சங்கத்துக்கு இரண்டு மூன்று அலகுகளுக்கு மேல் வேலை வராது. எஞ்சிய அலகுகள் துருப்பிடிப்பதற்காகவே வாங்கியனவாக முடியும்.

மின்சார ரூட்டர் இயந்திரம் வந்துவிட்ட இந்நாளில் கைக்கருவி எதற்கு என்று சிலர் வினவலாம். ஒரே அளவான காடிகள் பலவற்றை வெட்ட வேண்டுமாயின் இயந்திரமே சிறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் பழைய தறி ஒன்றில் ஒரே ஒரு கழுந்தைச் சீவிப் பொருத்திப் பார்த்து, மீண்டும் ஒரு மெல்லிய சுருள் அளவு சீவுவதற்குக் கை இழைப்புளியே உற்ற துணை.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. அடிப்பரப்பின்மேல் ஓர் இரும்பு அளவுகோலின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பார்க்கவும். ஒளி ஊடுருவும் இடம் பள்ளம்.

2. படி இழைப்புளியிலும் தோள் இழைப்புளியிலும், பக்கமும் அடியும் செங்கோணமாக உள்ளனவா என்று மூலைமட்டத்தால் சோதிக்கவும்.

3. காடி இழைப்புளியின் வேலிக்கட்டையை இறுக்கிக் கையால் அசைத்துப் பார்க்கவும். அது தகட்டுக்கு இணையாக நில்லாவிடில் வாங்க வேண்டாம்.

4. அலகின் பின்முகம் குழியின்றித் தட்டையாக இருத்தல் வேண்டும். தீட்டும் கோணம் 25 முதல் 30 பாகை வரை இருப்பது பொருத்தம்.

சங்கத்தின் கடமை

வாங்கும் வரிசையை இவ்வாறு கொள்ளலாம்: முதலில் ஜாக் இழைப்புளியும் சாணைக்கல்லும் மூலைமட்டமும், அடுத்துக் காடி இழைப்புளி, பின்னர் வேலியுடைய படி இழைப்புளி, இறுதியில், வேலை மிகுந்தால், தோள் இழைப்புளி. ரூட்டர் இழைப்புளியைத் தச்சரே செய்துகொள்ளட்டும்.

வாங்கிய கருவியை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவதோடு கடமை தீர்ந்துவிடாது. அலமாரியில் பூட்டிய இழைப்புளி எந்தத் தறியையும் திருத்தாது. கையொப்பம் பெற்றுத் தச்சரிடம் ஒப்படைத்து, அலகின் கூர்மையையும் எண்ணெய்ப் பூச்சையும் அவர் பொறுப்பாக்கி, ஆண்டுக்கு இருமுறை பார்வையிடுவது நலம். அதைக் காட்டிலும் முதன்மையானது, கருவியைப் பற்றி முடிவு செய்யும் கூட்டத்துக்கு அக்கருவியைப் பிடிக்கும் கையையும் அழைப்பதாகும். நாம் அதைச் செய்திருந்தால் அன்று அப்பிழை நேர்ந்திராது.

பின்னர் அச்சங்கம் காடி இழைப்புளியை வாங்கியது. நமது ஆட்சேபக் குறிப்பை நாமே எழுத்து மூலம் திரும்பப் பெற்றோம். பிடித்தம் செய்த கூலியை, பழுது தறியினுடையது, நெசவாளருடையதன்று என்று குழு தீர்மானித்து, அந்த அம்மையாரிடம் திருப்பியளித்தது. அடுத்த ஆய்வின்போது அவரது தறியருகே சென்று அச்சை அசைத்துப் பார்த்தோம். அது அசையவில்லை. அவர் எம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாடாவை எறிந்து வேலையைத் தொடர்ந்தார்.